யாரும் எழுதாத வரி

அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். வைத்தவர் மேலாளர். பெயர் வைப்பதில் அவர் கெட்டிக்காரர். தனக்கே பின்னால் 'சுருக்கம்' என்று ஒரு பெயர் ஓடிக்கொண்டிருப்பது மட்டும் அவருக்குத் தெரியாது. யார் எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் "சுருக்கமாச் சொல்லுங்க" என்பார். மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தபோதும் அதையேதான் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் நம்ப முடியாத கதை இல்லை.

தராசின் வேலை செய்தி படிப்பது. ஒரே செய்தியைப் பல இணையதளங்களில் படிக்க வேண்டும். யார் என்ன சொல்கிறார்கள், யார் எதை விட்டுவிட்டார்கள், யார் யாரைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடித்திருக்கிறார்கள் என்று ஒப்பிட்டு, காலையிலும் மாலையிலும் ஒரு தொகுப்பாக அனுப்ப வேண்டும். கம்பெனிகளும் வக்கீல்களும் அரசு அலுவலகங்களும் சந்தா கட்டி அதை வாங்கிப் படித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த இணையதளங்களும் வாங்கிப் படித்தன. அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்க்காவிட்டால் யாருக்கும் இருப்புக் கொள்வதில்லை.

தளங்களுக்கும் அலுவலகத்தில் பட்டப்பெயர்கள் இருந்தன. எதையும் முதலில் போட்டுவிட்டுப் பிறகு மாற்றிக்கொண்டே இருப்பது முந்திரிக்கொட்டை. அதிகாரி கையெழுத்துப் போட்டுத் தராமல் மழை பெய்கிறது என்றுகூட எழுதாதது சர்க்கார். சாவு வீட்டு வாசலிலேயே குடியிருப்பது அழுமூஞ்சி. கடைசியாக ஒரு சின்னத் தளம் இருந்தது. மற்றவர்கள் எழுதி முடித்து மறந்த பிறகு, பேசியவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் நீளமாகப் போடும். அதன் பெயர் ஆமை. அதை யாரும் படிப்பதில்லை. தராசும் பொழுது இருந்தால்தான் அந்தப் பக்கம் போவாள்.

தொகுப்பின் உச்சியில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கும். 'சாரம்' என்று தலைப்பு. எல்லாத் தளங்களும் சொல்வதைப் பிழிந்து எடுத்த ஒற்றை வரி. நேரம் இல்லாதவர்கள் அதை மட்டும் படிப்பார்கள். நேரம் இருப்பவர்களும் அதை மட்டும்தான் படித்தார்கள். அந்த வரியை எழுதுவதில் தராசை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று சுருக்கமே சொல்வார். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அன்று விடிந்தும் விடியாத நேரத்தில், துணி ஆலைக்கு ஆட்களை ஏற்றிப் போன பேருந்து ஒன்று, பாலத்தின் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாதிப் பேருக்கு மேல் பிழைக்கவில்லை. தராசு அலுவலகத்துக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். இறந்தவர்களின் எண்ணிக்கையை எழுதும்போது அவள் கை நடுங்குவதில்லை. நடுங்கியிருந்தால் இந்த வேலையில் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

முந்திரிக்கொட்டை 'டயர் வெடித்ததா?' என்று ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு, எண்ணிக்கையை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. சர்க்கார், விசாரணைக்கு உத்தரவு என்று தொடங்கி, ஓட்டுநர் முந்தைய ஷிப்டும் பார்த்தவர் எனப் பணிமனை அதிகாரி சொன்னதாகக் கடைசிப் பத்தியில் சேர்த்திருந்தது. அழுமூஞ்சியில் கரையேறிய ஒரு பெண் பேசியிருந்தாள். "டிரைவர் தலை குனிஞ்சிருந்துச்சு" என்றாள் அவள். ஓட்டுநர் உயிரோடுதான் இருந்தார், மருத்துவமனையில், நினைவில்லாமல். ஆமையில் அப்போது ஒன்றும் இல்லை.

"சாரம் எங்க?" என்று சுருக்கம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. என்ன ஆச்சு, ஏன் ஆச்சு. ஒரே வரி."

"ஏன் ஆச்சுன்னு இன்னும் யாரும் சரியாச் சொல்லலையே."

"சொல்லாமலா இவ்வளவு எழுதியிருக்காங்க? பிழிஞ்சு எடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

கடைசியில் சொன்ன அந்த வார்த்தைதான் அவளைத் தள்ளியது. ஒரு தளத்தில் இரண்டு ஷிப்ட், இன்னொரு தளத்தில் குனிந்த தலை. நடுவில் ஒரு சின்னப் பள்ளம். அதை நிரப்பச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை, அவளாகவே நிரப்பினாள். 'தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்த ஓட்டுநர் கண்ணயர்ந்ததே விபத்துக்குக் காரணம் எனத் தெரிகிறது.' எழுதும்போது அது பொய்யாக அவளுக்குத் தோன்றவில்லை. நன்றாக அமைந்த வரியாகத்தான் தோன்றியது.

மத்தியானம் அவள் மறுபடி உட்கார்ந்தபோது எல்லாத் தளங்களும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தன. முந்திரிக்கொட்டை டயரைக் கழற்றி எறிந்துவிட்டு 'கண்ணயர்ந்த ஓட்டுநர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சர்க்காரில் 'கண்ணயர்ந்ததாகக் கூறப்படுகிறது'. அழுமூஞ்சியில் 'ஒரு நிமிடத் தூக்கம், அணைந்த விளக்குகள்'. பேருந்துக் கம்பெனியும் தன் பங்குக்கு, ஓட்டுநரின் அலட்சியத்தை நினைத்து வேதனைப்படுவதாக அறிக்கை விட்டிருந்தது. நம் கணிப்புச் சரியாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குத் திருப்தி. மாலைத் தொகுப்பின் சாரத்தில் 'ஓட்டுநர் கண்ணயர்ந்ததை எல்லாத் தளங்களும் உறுதி செய்கின்றன' என்று எழுதினாள்.

வீட்டுக்குப் போனபோது அவள் கணவர் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், ஒரு எறும்பையும் நசுக்கத் தெரியாத மனிதர். அவரே சொன்னார்.

"அந்த ஆளு மட்டும் பிழைச்சுக்கிட்டான் பாரு. தூக்கம் வருதுன்னா ஓரமா நிறுத்தித் தொலைக்கிறதுதானே. அத்தனை பொம்பளைப் புள்ளைங்க."

"ஆமாங்க" என்றாள் அவள். மனதாரத்தான் சொன்னாள்.

மறுநாள் சுருக்கம் அவளைக் கூப்பிட்டார். ஒரு சந்தாதாரர் தனி ஒப்பீடு கேட்கிறாராம். ஓட்டுநர் தூங்கிய விஷயத்தை முதலில் கொண்டுவந்த தளம் எது, மற்றவை அதை எப்படிக் கையாண்டன என்று எழுதித் தர வேண்டும். அவளுக்கு இது வெல்லம் சாப்பிடுகிற மாதிரி. ஒவ்வொரு செய்திக்கும் கீழே வெளியிட்ட நேரம் இருக்கும். வரிசைப்படுத்தினால் பிள்ளையார் சுழி போட்டது யார் என்று தெரிந்துவிடும். வரிசைப்படுத்தினாள். முந்திரிக்கொட்டைதான் முதல். அங்கே செய்தி மேசையில் இருப்பவர் அவளுக்குப் பழக்கம். போன் போட்டாள்.

"இந்தக் கண்ணயர்ந்த விஷயம் உங்களுக்கு எப்படிங்க கிடைச்சது? உங்க நிருபர் யாரையாவது பார்த்துப் பேசினாரா?"

"எங்க ஆளு ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுட்டிருந்தாரு, யாரும் உள்ள விடலை. நாங்க உங்க தொகுப்புலதாங்க பார்த்தோம். சாரத்துல வந்துச்சே. வேற யாரோ போட்டிருப்பாங்க போல, நமக்கு விட்டுப்போச்சுன்னு உடனே எடுத்துப் போட்டுட்டோம்."

அவள் சர்க்காரைக் கூப்பிட்டாள். அவர்கள் முந்திரிக்கொட்டையில் பார்த்தார்கள், தொகுப்பிலும் இருந்ததால் சந்தேகப்படவில்லை. அழுமூஞ்சிக்காரர்களோ இரண்டு இடத்திலும் பார்த்துவிட்டுத்தான் எழுதினோம், நாங்கள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்கள் இல்லை என்று கோபித்துக்கொண்டார்கள்.

தராசு போனைக் கீழே வைத்தாள். எல்லாத் தளங்களும் சொல்வதாக அவள் எழுதிய வரியை, எழுதிய நேரத்தில் ஒரு தளமும் சொல்லியிருக்கவில்லை. இன்னொருவன் எழுதியிருப்பான் என்று நம்பி ஒவ்வொருவனும் எழுதினான். எல்லாரும் எழுதிவிட்டார்கள் என்று நம்பி அவளே அதை உறுதி செய்து மறுபடி அனுப்பினாள். ஊரையே ஒப்பிட்டுப் பார்க்கிறவள் தன்னுடைய வரியை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

சுருக்கத்திடம் போய்ச் சொன்னாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"வெளியில யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்ல வேணாம். திருத்தம் போட்டுடுவோம். நம்மளை நம்பித்தானே வாங்கறாங்க, நம்ம வரியே நம்ம தலையில இருந்து வந்ததுன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தனும் வாங்க மாட்டான். இங்க இருக்கிற எல்லாருக்கும் குடும்பம் இருக்கு."

"அந்த டிரைவருக்கும் இருக்குமே."

திருத்தத்தை அவரே எழுதினார், பெயருக்கு ஏற்றபடி: 'ஓட்டுநர் குறித்த முந்தைய வரி இன்னும் உறுதியாகவில்லை.' தொகுப்பின் அடியில், தொடர்பு முகவரிக்கு மேலே, காதும் காதும் வைத்தாற்போல் அது போய் உட்கார்ந்தது. உச்சியில் உள்ளதை மட்டும் படிக்கப் பழகியவர்கள் அடியில் எதற்குப் பார்க்கப் போகிறார்கள். ஒரு தளமும் அதை எடுத்துப் போடவில்லை.

அன்று அவள் கணவரிடம் சொல்லிவிட்டாள். அவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ எழுதலைன்னாலும் வேற எவனாவது எழுதியிருப்பான்" என்றார் பிறகு.

"எவனும் எழுதலைங்க. அதான் விஷயம். நான்தான் எழுதினேன்."

"ஒருவேளை நிஜமாவே தூங்கியிருந்தா?"

"இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் எழுதிட்டேன்."

அவர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கையின் கனத்தைக்கூட அவளால் பொறுக்க முடியவில்லை. நேற்று இதே மனிதர் அந்த ஓட்டுநரைச் சபித்ததும் தான் எழுதிய வரியால்தான் என்று அவளுக்குப் பட்டது.

அதன்பின் சில நாட்கள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டுநருக்கு நினைவு திரும்பியது. தளங்களில் அவர் வீட்டுக் கதவில் கல் விழுந்த படம் வந்தது. இறந்துபோன ஒரு பெண்ணின் தகப்பனார், அவனை என் கையில் கொடுங்கள் என்று அழுத படமும் வந்தது. இரண்டையும் ஒப்பிட்டு, எந்தத் தளம் எதைப் பெரிதாகப் போட்டது என்று அவள் எழுத வேண்டியிருந்தது. எழுதினாள்.

பிறகு ஒரு காலையில் எல்லாத் தளங்களிலும் அது வந்தது. 'தூங்கிவிட்டேன்: ஒப்புக்கொண்டார் ஓட்டுநர்.'

அலுவலகமே மூச்சு விட்டது. சுருக்கம் தன் அறையிலிருந்து ஓடி வந்து, வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பேசினார்.

"பார்த்தீங்களா? நான் அன்னைக்கே நினைச்சேன். நீங்க எழுதினது தப்பே இல்ல. கொஞ்சம் முன்னாடி எழுதிட்டீங்க, அவ்வளவுதான். அந்த மனுஷனே ஒத்துக்கிட்டாரு. இனிமே நிம்மதியாச் சாப்பிடுங்க, ஆளு பாதியாப் போயிட்டீங்க."

பக்கத்து மேசைக்காரர் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். தராசுக்கும் மனசு லேசாயிற்று. அதில் பொய்யில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது. இரண்டு டீ குடித்தாள். ஒரு மனிதர் அத்தனை சாவுகளைத் தன் தலையில் ஏற்றிக்கொண்ட செய்தியைப் படித்துவிட்டு டீ குடிக்கிறோம் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

சாரம் எழுத உட்கார்ந்தாள். இந்தத் தடவை பார்த்துத்தான் எழுதுவது என்று ஒவ்வொரு தளத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படித்தாள். எல்லாரும் அதே ஒற்றைச் சொல்லைத்தான் மேற்கோளில் போட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் அவர் என்ன சொன்னார், பின்னால் என்ன சொன்னார் என்று எதிலும் இல்லை. கடைசியில் ஆமைக்குப் போனாள். அன்று அதிசயமாக ஆமையும் சீக்கிரம் வந்திருந்தது. ஓட்டுநரின் மனைவி வெளியே வந்து நிருபரிடம் சொன்னதை, வழக்கம்போல ஒரு எழுத்து விடாமல் போட்டிருந்தார்கள்.

'அதிகாரி கேட்டார். எங்க வீட்டுக்காரர் சொன்னார், எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க, பாலம் வந்தது வரைக்கும்தான் தெரியும், அப்புறம் ஆஸ்பத்திரிதான் தெரியும். ஆனா எல்லாரும் நான் தூங்கிட்டேன்னு போட்டிருக்காங்க. இத்தனை பேரு சொல்றப்போ நான் இல்லைன்னு எப்படிச் சொல்றது. அப்ப தூங்கிட்டேன். அப்படித்தாங்க சொன்னார்.'

ஆமை அதோடும் நிற்கவில்லை. கரையேறிய அந்தப் பெண்ணையும் தேடிப் பிடித்து முழுசாகப் பேசவிட்டிருந்தது. 'தலை குனிஞ்சிருந்துச்சு. தூங்கினாரா, கீழ எதையாவது பார்த்தாரான்னு எனக்குத் தெரியாதுங்க. நானே அரைத் தூக்கத்துல இருந்தேன்.' அழுமூஞ்சி முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டியிருக்கிறது. அந்தப் பாதியில்தான் தராசு தன் பாதியை ஒட்டினாள்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "சாரம்?" என்று சுருக்கம் குரல் கொடுத்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

அவள் தேடிப் போன விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர். அவளை உட்கார வைத்து முழுவதும் கேட்டார், எழுதி வாங்கிக்கொண்டார். அவர் மேசையில் அன்றைய தொகுப்பு கிடந்தது. அவரும் சந்தாதாரர்தான்.

"நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம்மா. ஆனா அந்த ஆளே ஒத்துக்கிட்டாரே. ஒத்துக்கிட்டவரை வெச்சுக்கிட்டு நான் எதைத் தேடறது?"

"ஞாபகம் இல்லைன்னுதான் முதல்ல சொல்லியிருக்காரு."

"அதையே அவர் மறுபடி என்கிட்ட சொல்லட்டும். நாளைக்குக் காலையில வாக்குமூலத்துல கையெழுத்து வாங்கப் போறோம். அதுக்கு முன்னாடி தூங்கினது எனக்குத் தெரியாதுன்னு அவர் வாயால சொன்னாருன்னா, பஸ்ஸைத் தனித்தனியாப் பிரிச்சுப் பார்க்கச் சொல்லி நான் எழுத முடியும். பிரேக், ஸ்டீயரிங், எல்லாம். கையெழுத்து ஆயிடுச்சுன்னா கேஸ் முடிஞ்சுது. பஸ்ஸைக் கம்பெனிக்காரங்க எடுத்துக்கிட்டுப் போய் உடைச்சுடுவாங்க."

அவள் அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனாள். ஓட்டுநர் இருந்த அறை வாசலில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரோரம், பிளாஸ்டிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநரின் மனைவி. தராசு தான் யாரென்று சொன்னாள். செய்தி என்ற சொல் வாயில் வந்ததுமே அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போதும்மா. போட்டது எல்லாம் போதும். வீட்டுக்கே போக முடியலை, தங்கச்சி வீட்டுல கிடக்கோம்."

"அதை முதல்ல எழுதினது நான்தாங்க" என்றாள் தராசு. "அவர் தூங்கினாருன்னு யாரும் சொல்லலை. நானா எழுதினேன். என்னைப் பார்த்துத்தான் எல்லாரும் எழுதினாங்க."

அந்தம்மா திரும்பினாள். ஓங்கி அறைவாள் என்று தராசு எதிர்பார்த்தாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தம்மா அறையவில்லை, கேட்டது புரியாதவள் மாதிரி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இருபத்தஞ்சு வருஷமா வண்டி ஓட்டுறாரு" என்றாள் கடைசியில். "ஒரு கோழியைக்கூட அடிச்சதில்ல. நான் தலையால அடிச்சுக்கிட்டேன், நீங்க தூங்கியிருக்க மாட்டீங்கன்னு. கேக்க மாட்டேங்குறாரு. நான் பொண்டாட்டி, அப்படித்தான் சொல்லுவேனாம். வாங்க. நீங்களே சொல்லுங்க."

எழுந்து போய்ப் போலீஸ்காரரிடம், "என் ஓரகத்திங்க, தூரத்துல இருந்து வந்திருக்கா" என்று கண் இமைக்காமல் சொன்னாள். அவர் காலை மடக்கி வழி விட்டார்.

ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர். தலையில் கட்டு, தோளில் மாவுக்கட்டு. நல்ல கை மட்டும் போர்வைக்கு வெளியே இருந்தது. அந்தக் கையில் மனைவியின் போன். எல்லாத் தளங்களையும் அவர் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தார். தராசு தன் அலுவலகத்தில் நாள் முழுவதும் செய்யும் அதே வேலை.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னாள். சர்க்காரின் கடைசிப் பத்தி, அழுமூஞ்சி வெட்டிய வாக்கியம், நடுவில் இருந்த பள்ளம், அவள் வைத்த வரி எல்லாவற்றையும் சொன்னாள். சுருக்கமாக அல்ல, ஒன்று விடாமல். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உங்களை யாரும்மா அனுப்பினா?" என்றார். "இவளா?"

"யாரும் அனுப்பலைங்க. நான் சொல்றது சத்தியம்."

"நல்ல மனசும்மா உங்களுக்கு. ஆனா ஒருத்தன் தப்பா எழுதலாம், ரெண்டு பேர் எழுதலாம். இத்தனை பேரும் ஒண்ணா எழுதுவாங்களா?"

"அந்த ஒருத்தி நான்தாங்க. இத்தனை பேரும் நான்தான்."

அவர் போனைப் போர்வை மேல் வைத்தார். "எனக்கு இப்ப ஞாபகமே வந்துடுச்சும்மா. முதல்ல வரலை. படிக்கப் படிக்க வந்துச்சு. பாலம் ஏறும்போது கண்ணு எரிஞ்சுது. ஒரு நிமிஷம் கண்ணயர்ந்துட்டேன்."

'கண்ணயர்ந்துட்டேன்' என்று யாரும் பேச்சில் சொல்லமாட்டார்கள், அது எழுத்தில் மட்டும் வருகிற சொல். தன் வரி இந்த மனிதரின் தலைக்குள் போய், நடந்த ஒன்றாகவே குடியேறிவிட்டதைத் தராசு பார்த்தாள். அதை இனி வெளியே எடுப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது, அழுதாள்.

"நாளைக்குக் கையெழுத்துப் போடாதீங்க" என்றாள். "ஞாபகம் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க, போதும். பஸ்ஸைப் பிரிச்சுப் பார்ப்பாங்க."

"போட மாட்டேன்னு சொல்லுங்களேன்" என்று மனைவி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகச் சொல்லுங்க."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. மனிதர் ஒரு கணம் நம்பிப் பார்க்கிறார் என்று தராசுக்குப் பட்டது.

"நான் தூங்கலைன்னா பஸ் ஏம்மா விழுந்துச்சு?"

"எனக்குத் தெரியாதுங்க."

"பிரிச்சுப் பார்த்தாத் தெரியுமா?"

"தெரியலாம்."

"பார்த்துட்டு, வண்டியில ஒரு கோளாறும் இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா?"

எல்லாவற்றுக்கும் ஒரு வரி வைத்திருந்தவளிடம் அதற்கு வரி இல்லை. பொய் சொல்லியிருக்கலாம். நிச்சயம் கோளாறு இருக்கும் என்று சொல்லியிருந்தால் அவர் ஒருவேளை கேட்டிருப்பார். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லித்தான் அவரை இந்தக் கட்டிலில் இப்படிப் படுக்க வைத்திருக்கிறாள். இன்னொரு தரம் அவளுக்கு நா எழவில்லை.

"அப்ப மறுபடியும் நான்தான் கொன்னவன்னு ஆகும்" என்றார் அவர். "இந்த நாலு நாள்ல அதை எப்படியோ முழுங்கிட்டேன். வெளியில எடுத்துட்டுத் திரும்ப முழுங்கச் சொன்னா என்னால முடியாதும்மா. ஒருதரம்தான் முடியும்."

மனைவி அவர் காலிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டினார். தராசு எழுந்தாள்.

மறுநாள் காலை அவர் கையெழுத்துப் போட்டார். அவள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாத் தளங்களிலும் அது வந்துவிட்டது. ஒன்றை இன்னொன்றுக்குப் பக்கத்தில் வைத்துக் கடைசிவரை படித்துப் பார்த்தாள். ஒப்பிட அதில் ஒரு வித்தியாசமும் இல்லை.